கள்ளுக்கடையும் சிறுவாடும்

பழனி மலையில் வாழையும் காப்பியும் விளையும் பண்ணைக்காடு அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சேலத்துக்குக் கிடைத்த பாக்கியம் அதற்குக் கிடைக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களிலும் மூடினார்கள். கஜானாவுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. அதே வருஷம் யுத்தமும் வந்தது. மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது. மதுரையின் முறை வரவேயில்லை. கவர்னர் ஆட்சியோ 1943-ல் மதுவிலக்கையே நிறுத்தி வைத்து, மூடிய கடைகளையும் திறந்துவிட்டது. விற்பனை வரியையாவது எடுத்தார்களா? அதுதான் இல்லை!

காலத்தைக் கவனியுங்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்று போயிருந்தது. அரைப்படி அரிசிக்கு அல்லாடும் குடிசையில் கடுகுப் பானைக்குள் மனைவி ஒளித்த சிறுவாடு ஒரு ரகசியம்; கள்ளுக்கடையில் புருஷன் வைத்த பாக்கி இன்னொரு ரகசியம். மனைவியின் தோடு அடகுக்குப் போகும் அன்று இரண்டும் அம்பலமாகிவிடும். பிறகு அவர்கள் சண்டை போடுவதற்குக்கூட அடுப்பில் கஞ்சி கொதிக்க வேண்டுமே!

மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948 அக்டோபர் 2-ந் தேதி. யுத்தம் முடிந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.