மண்வெட்டி யாருக்கு?

1851ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே பிரஷ்ய அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டிலுள்ள சிறுவர் தோட்டங்கள் யாவும் மூடப்படவேண்டும் என்பதே அது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் அதிர்ச்சியிலிருந்து மீளாத ஆட்சியாளர், குழந்தைகளின் தோட்டத்திலே நாத்திகத்தையும் சமதர்மத்தையும் கண்டு அஞ்சினர். அத்தோட்டங்களின் கர்த்தாவாகிய பிரெடெரிக் புரோபலை, முற்போக்குக் கருத்துகள் கொண்ட அவருடைய சகோதரர் மகனோடு குழப்பிக்கொண்டனர் என்றும் கூறுவர். 1860இல் தடை நீங்கியது. புரோபலோ 1852இலேயே காலமாகிவிட்டார்.

ஆட்சியாளரின் அச்சம் முற்றிலும் மூடத்தனமானதென்று நாம் கருதவில்லை. 'கிண்டர்கார்டன்' என்னும் பெயரைப் புரோபல் சூட்டியது 1840இல். இன்று அச்சொல் சிறு பிள்ளைகளை அடைத்துவைத்து அரிச்சுவடி புகட்டும் அறைக்கு வழங்குகிறது. அவர் அமைத்ததோ மெய்யாகவே மண்ணுள்ள தோட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி. அவற்றைச் சூழ அனைவருக்கும் உரிய பொதுப் பாத்திகள். தன் பாத்தியிலே குழந்தை விரும்பியதை விரும்பியபடி நடலாம். பட்டுப்போனால் அதுவும் பாடமே. பொதுப் பாத்தியில் எல்லோரும் கூடி உழைக்கவேண்டும்.

அவருக்கு முன்னரே, 1762இல் வெளிவந்த 'எமில்' என்னும் நூலில், ரூசோ இதைத் தொட்டிருந்தார். சிறுவன் எமில் அவரை விதைத்து நாள்தோறும் நீரூற்றுகிறான். ஒருநாள் செடிகள் பிடுங்கப்பட்டுக் கிடக்கின்றன. நிலத்துக்குரிய தோட்டக்காரனோ, தான் முன்பே விதைத்திருந்த முலாம்பழத்தை இவர்கள் அழித்துவிட்டதாக முறையிடுகிறான். உழைப்பு, உடைமை, அடுத்தவன் பாடு யாவற்றையும் ஒரு பிடி அவரை விதை கற்பித்துவிடுகிறது.

இக்கருத்து அரசாங்கங்களின் கைக்குப் போனபோது வேறு உருவம் பெற்றது. இலங்கையிலே 1901ஆம் ஆண்டில் பாடசாலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. ட்ரீபேர்க் என்பார் அதன் மேற்பார்வையாளரானார். அக்காலத்திலே சுயபாஷைப் பாடசாலையில் கட்டணம் இல்லை. அங்கே படித்தவனுக்கு அரசாங்க உத்தியோகமும் பெரும்பாலும் இல்லை. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் உண்டு; உத்தியோகமும் உண்டு. மண்வெட்டி எங்கே அனுப்பப்பட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கமக்காரனின் பிள்ளைக்குச் சுயபாஷையும் தோட்டமும், கனவானின் பிள்ளைக்குப் பேனா. நல்லதொரு கல்விமுறை இவ்வாறு வர்க்க வேலியாயிற்று. கிராமத்துத் தந்தை, "மண் கொத்தவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன்?" என்று சினந்திருந்தால் அவனைச் சோம்பேறி என்று நாம் ஏசமாட்டோம்.

1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணச் சுவரைப் பெரிதும் தகர்த்தது. மனத்திலுள்ள சுவர் அவ்வளவு இலகுவில் விழவில்லை. குறும்பு செய்த மாணவனைத் தண்டனையாகப் புல்லுப் பிடுங்க அனுப்பும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் நன்கு அறிவோம்.

1937இல் காந்தியடிகள் வார்தாவிலே முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவே அமர்த்தியது. துணிவான செயல்தான். ஆனால் பிள்ளைகளின் உற்பத்தியே ஆசிரியர் சம்பளத்தைத் தாங்கவேண்டும் என்ற யோசனையை நம்மால் ஏற்க இயலவில்லை. விளைச்சலிலே சம்பளம் தங்கியிருக்குமாயின், "ஏன்?" என்று கேட்கும் பிள்ளை வேலைக்கு இடைஞ்சலாகிவிடுவான்.

அந்த 'ஏன்' என்பதற்காகத்தானே தோட்டம்! பயற்றஞ்செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கும் பிள்ளை, வேரிலே சிறு முடிச்சுகளைக் காண்கிறாள். அவற்றில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன என்பது பாடநூலிலும் உண்டு. மனனஞ்செய்து பரீட்சையில் எழுதியபின் மறந்துவிடலாம். முடிச்சைக் கையால் நசுக்கி அதன் செந்நிறத்தைக் கண்டவளோ, பாட்டனார் குரக்கனுக்குப் பின் ஏன் பயறு விதைத்தார் என்று வீட்டிலே போய்க் கேட்பாள். பாட்டனாரின் அநுபவமும் இரசாயனமும் அங்கே சந்திக்கின்றன. இச்சந்திப்பு நகரத்துப் பெரிய கல்லூரி மாணவனுக்கும் வேண்டியதே. அவனுக்கே அதிகம் வேண்டும் என்றும் சொல்லலாம்.

பார்வையிட வரும் அதிகாரிக்காகக் கரையிலே வெள்ளைக் கல் அடுக்கிய பாத்திகளால் இது நடவாது. விளைந்த கத்தரிக்காய் அதிபரின் வீட்டுக்குப் போகிறதா, தங்கள் மதிய உணவுக்கு வருகிறதா என்பதையும் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.