மெலியாய்டோசிஸ்

மெலியாய்டோசிஸ் என்பது ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் 'பர்க்கோல்டேரியா சூடோமல்லை' என்ற பாக்டீரியாவால் வரும் நோய். காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவோ மூச்சுக்காற்று, குடிநீர் வழியாகவோ கிருமி உடலுக்குள் புகும். அது இரத்தத்தில் பரவும்போது செப்சிஸ் உண்டாகிறது. கிருமியை எதிர்க்க எழும் உடலின் வேகம் கட்டுமீறி, நுரையீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளையே முடக்கிவிடும்.

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இந்நோயை முதலில் இனங்கண்டனர். மார்ஃபின் ஊசிப் பழக்கத்தால் நலிந்து இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகள் இருந்தன. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகர்ந்தது. 1912இல் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. பின்னர் 'விட்மோர் நோய்' என்ற பெயரும் இதற்கு வழங்கலாயிற்று. கிருஷ்ணசுவாமியை மருத்துவ உலகம் மறந்தது நியாயமல்ல.

இலங்கையில் 1927இலேயே இந்நோய் பதிவானது. இந்தியாவிலோ 1990கள் வரை அதைப் பற்றிய பேச்சே அரிது. நோய் இல்லாததல்ல காரணம். நுரையீரலைத் தாக்கினால் காசநோய் போலத் தோன்றும். சோதனைக்கூடத்தில் கிருமி வளர்ந்தாலும், 'ஏதோ சூடோமோனாஸ்' வகைப் பாக்டீரியா என்று ஒதுக்கப்பட்டுவிடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜானும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல், கண்டறியப்பட்டவர்களைவிடக் கண்டறியப்படாதவர் பலர் இருக்கலாம் என்று எச்சரித்தனர். 2003இல் அதே கல்லூரியிலிருந்து செப்சிஸ் வடிவிலான மெலியாய்டோசிஸ் பற்றிய கட்டுரை வந்தது. உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. நோய்ச்சுமையில் ஏறத்தாழ 44 விழுக்காடு தெற்காசியாவுடையது.

பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு இக்கிருமி அடங்காது. செஃப்டாசிடிம் ஊசி மருந்து இறப்பைப் பாதியாகக் குறைப்பதை 1989இல் தாய்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இன்று செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 நாள் இரத்தநாளம் வழியாக ஏற்றப்படுகிறது. அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை 3 மாதமாவது சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

சர்க்கரை நோயாளிகளையே இது அதிகம் தாக்குகிறது, மழைக்காலத்தில் பெருகுகிறது. நடவு வயலின் சேற்றிலும் இக்கிருமி இருக்கக்கூடும். சர்க்கரை நோயுள்ளவர்கள் புண்ணை மூடிக்கட்டி, ரப்பர் பூட்ஸ் அணிந்து சேற்றில் இறங்க வேண்டும். காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சேற்றில் வேலை செய்பவர் என்பதைச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஏற்றுமுன் இரத்தக் கல்சர் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பார்களா என்று கேளுங்கள்.