புதுக்கோட்டையில் முடிந்தது, பாலவாக்கத்தில் முடியாதா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பாலவாக்கத்திலிருந்து தரமணிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். நேற்று என் மகன் காரில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனதாம். "சைக்கிளில் போனால் அரை மணிகூட ஆகாதேடா" என்றேன். "இது உன் புதுக்கோட்டை இல்லம்மா" என்று சிரித்தான். எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

1991இல் நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பஸ் இல்லாத கிராமங்களுக்குத் தொண்டர்கள் போய்வர வேறு வழி ஏது? சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடும் செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே பெண்கள் ஓட்டினார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய ஓட்டிக் காட்டினார்கள். 29 வயதில், முழங்கால் சிராய்ப்போடு நானும் கற்றுக்கொண்டேன்.

பத்தாண்டு கழித்து, 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் தரத் தொடங்கியது. பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் கிடைத்தது.

சென்னைக்கும் சைக்கிள் புதிதல்ல. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நம் அம்பத்தூரில்தான் வளர்ந்தது. மில் தொழிலாளி, தபால்காரர், பால்காரர், வாத்தியார் எல்லாருக்கும் அதுதான் வாகனம். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014இலேயே சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் ஈசிஆரில் சைக்கிளுக்கு எங்கே இடம்?

அன்று எங்களைத் தடுத்தது கூச்சமும் ஊராரின் கேலியும். சாலை காலியாகத்தான் இருந்தது. இன்று பெண் சைக்கிள் ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாலைதான் பயமுறுத்துகிறது.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, "அப்பாயி, நான் சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகட்டுமா?" என்று கேட்டாள். எத்தனையோ பெண்களுக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். "வேண்டாம்டி" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சைக்கிள் நாடு என்கிறோமே, நெதர்லாந்து, அங்கும் கார் பெருகியபோது சைக்கிள் குறைந்தது. 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகுதான் ஊர் ஊராகத் தனிப்பாதைகள் வந்தன.

புதுக்கோட்டையில் எங்களிடம் வெறுமனே "தைரியமாக ஓட்டுங்கள்" என்று சொல்லி விட்டுவிடவில்லை. கற்றுக்கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள், கூடவே வந்தார்கள். இங்கும் "காரை விடுங்கள்" என்று மட்டும் சொன்னால் என் மகன் விடமாட்டான். ஈசிஆரை ஆறு வழிச்சாலையாக அகலப்படுத்துகிறார்கள். ஒரு குழந்தை பயமில்லாமல் போகிற அளவுக்கு ஓரத்தில் தடுப்புக் கட்டிய ஒரு பாதை கேட்போமே. அது வந்தால் பேத்தியும் போவாள், அவள் அப்பாவும் போவான்.

பாலவாக்கம், நீலாங்கரை, கொட்டிவாக்கம் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? எழுதுங்கள்.