கண்ணாடிக் குமிழியின் கதை

பழைய புகைப்படக் கருவியின் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே ஊசிமுனையளவு குமிழிகள் சில தென்படுவதுண்டு. பேரிகையில் என் மாணவர்கள் அதனை மட்டச் சரக்கு என்றே கொண்டனர். உண்மை வேறு.

1884ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யேனா நகரில், ஓட்டோ ஷாட் என்னும் வேதியியலறிஞர், எர்ன்ஸ்ட் அபே, கார்ல் சைஸ் ஆகியோர் துணையுடன் கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். பேரியம், போரான் முதலியவற்றைச் சேர்த்துப் புதுவகைக் கண்ணாடிகளை ஆக்கினார். அவற்றின் துணையால் 1890இல் பால் ருடால்ஃப் அனாஸ்டிக்மாட் லென்ஸை வகுத்தார். படத்தின் நடுவும் ஓரமும் ஒருசேரத் தெளிந்தன.

ஆயினும் பேரியக் கண்ணாடி எளிதில் வசப்படவில்லை. மணலும் கார்பனேட்டுகளும் சேர்ந்து உருகுங்கால் கரியமில வாயு வெளிப்படும். பாகு கெட்டியாதலின் சிறு குமிழிகள் மேலெழத் தாமதிக்கும். நெடுநேரம் காய்ச்சினால் போய்விடுமே என்பீர்கள். காய்ச்சலாம், ஆனால் அப்பாகு மண்பானையின் சுவரையே அரித்துவிடும். கரைந்த களிமண் கண்ணாடிக்குள் இழையிழையாக ஓடும். சுடுமண் தண்டினால் பாகைக் கிளறும் முறையைச் சுவிட்சர்லாந்தின் கினான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையாண்டிருந்தார். அதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ?

குமிழியா, இழையா? நீங்களே கணக்கிடுங்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸில் 0.4 மில்லிமீட்டர் குமிழி ஒன்று மறைக்கும் பரப்பு 10,000இல் ஒரு பங்கு. அத்தகைய பத்து இருந்தாலும் இழப்பு 1,000இல் ஒரு பங்கே. இழையோ ஒளியின் பாதையைத் திருப்பி உருவத்தையே குலைத்துவிடும். ஆகவே வல்லுநர் குமிழியைப் பொறுத்துக்கொண்டனர். இவை குறையல்ல என்று லென்ஸ் நிறுவனங்கள் விலைப்பட்டியல்களிலேயே அச்சிட்டன. அதற்காகக் குமிழியுள்ள லென்ஸெல்லாம் உயர்ந்தது என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டா!

பிற்காலத்தில் பிளாட்டினக் கலங்கள் வந்தபின் அரிப்பு அகன்றது; குமிழியும் அரிதாயிற்று.

இக்கண்ணாடி வெறும் படப்பொருளன்று. 1914இல் போர் மூண்டபோது ஜெர்மன் சரக்கு நின்றுபோகவே, பிரிட்டன் இருகண் தொலைநோக்கிகளுக்குத் திண்டாடியது. விடுதலைக்குப் பின்னும் நம் நாடு இதற்கு அயலாரையே எதிர்பார்த்திருந்தது. கொல்கத்தாவில் 1950இல் திறக்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில், ஆத்மா ராம் தலைமையில் அறிஞர்கள் பல ஆண்டுகள் உலைமுன் நின்று முயன்றனர். 1960ஆம் ஆண்டை ஒட்டி, இந்திய முறையிலேயே ஒளியியல் கண்ணாடி அங்கே உருக்கப்பெற்றது.