விறகிலிருந்து உரம் எடுத்த சேஷசாயிகள்

பள்ளிபாளையத்தில் 1962 டிசம்பரில் காகித உற்பத்தி தொடங்கிய கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அந்த ஆலையை நிறுவிய எஸ்.விஸ்வநாதனின் கதைக்கு முன், அவருக்குப் பாதை போட்டுவைத்த இருவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

'சேஷசாயி பிரதர்ஸ்' என்றதும் உடன்பிறந்தவர்கள் என்றே தோன்றும். ஒருவர் ஆர்.சேஷசாயி, இன்னொருவர் வி.சேஷசாயி, உறவுக்காரர்கள். நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு இடம்பெயர்ந்த அந்த 1920-களில் இருவரும் மின்சாரத் தொழிலில் இறங்கினார்கள். திருச்சியும் ஸ்ரீரங்கமும் அவர்கள் இழுத்த கம்பியில்தான் வெளிச்சம் கண்டன. கரண்ட் கையில் இருந்தால் வேறென்ன செய்யலாம் என்று யோசித்ததுதான் இவர்களின் பெருமை. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1936-லேயே மேட்டூர் கெமிக்கல்ஸ் பிறந்துவிட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். மூங்கிலை வேகவைக்க முதலாவது, கூழை வெளுக்க இரண்டாவது. காகித ஆலைக்கான பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்பேன்.

ஆனால் என்னை மலைக்க வைப்பது ஆலுவா பக்கத்து ஏலூர். 1943, உலகப்போர், வங்காளத்தில் பஞ்சம். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயரின் ஆதரவோடு பெரியாற்றங்கரையில் 'ஃபாக்ட்' உரக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும்; அதற்கு நிலக்கரி வேண்டும். அந்தச் சீமையில் நிலக்கரி ஏது? காட்டு விறகு இருந்தது. அதை உலையில் போட்டு, காற்றைக் குறைத்து எரித்து, கிளம்பிய வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தார்கள். 1947-ல் அம்மோனியம் சல்பேட் மூட்டைகள் வெளியே வந்தன. உரத்துக்காகக் காட்டை வெட்டியதை இன்று யாரும் ஒப்ப மாட்டார்கள். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் நிலக்கரி வரட்டும் என்று காத்திருக்காமல் கையில் கிடைத்த விறகை வைத்து இந்தியாவின் முதல் பெரிய உரத் தொழிற்சாலையை ஓட்டிக் காட்டியவர்களை நம் பாடப்புத்தகங்கள் மறந்தது அநியாயம். திருச்சிக்காரர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்? 1952-ல் அவர்கள் தொடங்கிய பாலிடெக்னிக்கை அரியமங்கலத்தில் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறோம்.

இந்தப் பட்டறையில் தேறிய குழுமம்தான் 1960 ஜூனில் சேஷசாயி பேப்பர் அண்ட் போர்ட்ஸ் கம்பெனியைப் பதிவு செய்தது. அமெரிக்காவின் பார்சன்ஸ் அண்ட் விட்மோர் கூட்டு. ஆண்டுக்கு 20,000 டன் திட்டம். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரி ஓரமாக இடம் பிடித்தார் விஸ்வநாதன். அங்கே இரண்டு இயந்திரங்கள் ஏறிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)