ஒரே தொலைபேசி இணைப்பு, இரு திசைகள்

கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அர்ப்பாநெட்டிலிருந்தே தொடங்குவர். அந்த வலையில் இடம் பெறாத கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் சாதாரணத் தொலைபேசியையே நம்பியிருந்தன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970களில் எழுதிய யூயூசிபி என்னும் நிரல், 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து அஞ்சலையும் கோப்புகளையும் பரிமாறிக்கொள்ள அது வழி செய்தது. யூஸ்நெட் பரவியதும் அதன் தோளில் ஏறித்தான்.

மோடமும் இணைப்பும் செலவு மிக்கவை. வரும் அழைப்புக்கு ஒன்று, வெளிச்செல்லும் அழைப்புக்கு ஒன்று என வைத்துக்கொள்ள எல்லோராலும் இயலவில்லை. ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்த முனைந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. யூனிக்ஸில் கெட்டி என்றொரு நிரல் உண்டு. வாயிற்காவலனைப் போல் காத்திருந்து, மறுமுனை மோடம் இணைந்த சமிக்ஞை கிடைத்ததும் பயனர்பெயர் கேட்பது அதன் பணி. நம் கணினி வெளியே அழைத்து இணைந்தாலும் அதே சமிக்ஞைதான் கிடைக்கும். உடனே காவலன் விழித்து, நாம் தேடிப்போன கணினியிடமே பெயர் கேட்பான். எதிர்முனையிலும் ஒரு கெட்டி இருக்கும். இரண்டும் ஒன்றன் கேள்வியை மற்றொன்று விடையெனக் கொண்டு முடிவின்றிக் கேட்டுக்கொண்டிருக்க நேரும்.

இதற்குத் தீர்வுகள் பல தோன்றின. முதலாவது பூட்டுக் கோப்பு. இணைப்பை எடுக்கும் நிரல், குறித்த இடத்தில் ஒரு சிறு கோப்பை உருவாக்கும். அதைக் கண்ட பிற நிரல்கள் விலகி நிற்கும். பூட்டியவன் பாதியில் மாண்டுபோனால்? ஹனிமன், நோவிட்ஸ், ரெட்மன் மூவரும் 1983இல் திருத்தி எழுதிய யூயூசிபியில், பூட்டியவனின் செயல் எண் கோப்பினுள்ளேயே எழுதப்பட்டது. அந்த எண்ணுக்குரிய செயல் உயிரோடில்லையெனில் பூட்டை அகற்றிவிடலாம். யூயூகெட்டி என்னும் புதிய காவலன் பூட்டைப் பார்த்து ஒதுங்கினான். எதிர்முனையிலிருந்து ஓர் எழுத்தேனும் வரும்வரை வாய் திறவாதிருக்கவும் அவனைப் பணிக்கலாம். சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் ஒரே இணைப்புக்கு வருகைக்கொன்றும் செல்கைக்கொன்றுமாக இரு பெயர்களைச் சூட்டியது. 1990களில் ஜெர்மானியரான கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி, மணி ஒலித்ததை மோடம் தெரிவித்த பின்னரே அழைப்பை ஏற்றது.

இவற்றுள் பூட்டுக் கோப்பு நம் கருத்தை ஈர்க்கிறது. அது எவரையும் தடுக்கும் வலிமையற்றது. மதியாத நிரல் தாராளமாக உள்ளே நுழையலாம். எல்லா நிரல்களும் ஒரே இடத்தில், ஒரே முறையில் பூட்டைத் தேடினால் மட்டுமே அது பூட்டு. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளால் எழுதப்பட்ட நிரல்கள் அந்த உடன்பாட்டைப் பெரும்பாலும் காத்தன. ஒற்றை இணைப்பு மட்டுமே வாய்த்தவர்களும் அந்த உரையாடலில் பங்குபெற முடிந்தது அதனால்தான்.