ரெண்டு சேனல் கணக்கு

போளூர் என்றால் பலருக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது பழனி மலையில் இருக்கிற போளூர். கொடைக்கானலில் பஸ் ஏறினால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஒவ்வோர் ஊராக ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டே போகும். பஸ் முக்கால்வாசி காலியான பிறகு வருகிற ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும். மிச்ச இடத்தில் மேகம்.

2001 ஜூலை முதல் வாரம். நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். நண்பனோடு அவனுடைய மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். குளிருக்குப் போர்த்திக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தால், எதிரே டிவி. கடைக்காரர் கையில் ரிமோட். சன் டிவியில் ஐந்து நிமிஷம். ஜெயா டிவியில் ஐந்து நிமிஷம். மறுபடி சன். மறுபடி ஜெயா.

"ஏண்ணே, ஏதாவது ஒண்ணுல நிறுத்துங்களேன்" என்றான் நண்பன்.

பெஞ்சில் இருந்த பெரியவர்தான் பதில் சொன்னார். "ரெண்டையும் பாரு தம்பி. இவன் ஒரு பாதிய மறைப்பான். அவன் மறு பாதிய மறைப்பான். ரெண்டு பேராலயும் மறைக்க முடியாம எது நிக்குதோ, அதான் நடந்தது."

இரட்டைப் பதிவு முறை, பற்று, வரவு என்று கல்லூரியில் மாதக்கணக்கில் நடத்திய பாடத்தை மனுஷன் அரை கிளாஸ் டீயில் முடித்துவிட்டார்.

அந்த வாரம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூன் 30, சனிக்கிழமை. விடிவதற்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கும்போது சென்னையில் கருணாநிதியைக் கைது செய்யப் போலீஸ் வீட்டுக்குள் நுழைந்தது. மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்று வழக்கு. அவருக்கு வயது 77. ஜெயலலிதா மீண்டும் முதல்வராகி ஏழு வாரம்கூட ஆகவில்லை.

அவரை இழுத்துச் செல்கிற காட்சியை சன் டிவி நாள் பூராவும் திரும்பத் திரும்பக் காட்டியது. மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும்கூடக் கைதானார்கள். நாடே அதிர்ந்தது. டெல்லியில் வாஜ்பாய் அமைச்சரவை அவசரமாகக் கூடியது. தமிழக கவர்னர் பாத்திமா பீவியைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. ஜூலை 1 அன்று அவர் ராஜினாமா. ஒரு வீடியோ டேப்புக்கு அவ்வளவு பலம்.

சும்மா இருப்பார்களா? போலீஸ் தரப்பில் எடுத்த வீடியோ ஜெயா டிவிக்கு வந்தது. அதில் அமைச்சர்கள் போலீசாரோடு மல்லுக்கட்டுகிறார்கள். முதலில் கை வைத்தது யார் என்ற கேள்வி கிளம்பியது. ஒரே வீடு. ஒரே ராத்திரி. இரண்டு படம். போளூர்ப் பெரியவர் இரண்டையும் ஒட்டித்தான் தன் ஐந்தொகையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. கொஞ்சம் பின்னால் போவோம்.

தமிழ்நாட்டில் தலைவர் என்று ஒருவர் இருந்தால், கூடவே ஒரு பத்திரிகையும் இருக்கும். 1925ல் பெரியார் ஈரோட்டில் குடிஅரசு தொடங்கினார். 1942ல் அண்ணா திராவிட நாடு தொடங்கினார். அதே 1942ல் திருவாரூரில் கருணாநிதி என்ற இளைஞர் முரசொலியைத் துண்டுப் பிரசுரமாகக் கொண்டுவந்தார். அதே வருஷம் மதுரையில் ஆதித்தனார் தினத்தந்தியை ஆரம்பித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரையும் பேப்பர் வாசிக்க வைத்தார். ஒருத்தர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். டீக்கடை அரசியல் பிறந்த கதை இதுதான்.

பத்திரிகை யாரும் நடத்தலாம். ரேடியோவும் டிவியும் சர்க்கார் சொத்து. சென்னைக்கு தூர்தர்ஷன் 1975ல் வந்தது. தெற்கத்தி ஜனங்கள் ரொம்ப நாள் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 80களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலை உச்சியில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்த பிறகுதான் அவர்கள் வீட்டில் சொந்த நாட்டு டிவி தெரிந்தது. அதில் வருவது ஆளுங்கட்சிச் செய்தி. எதிர்க்கட்சியின் குரலுக்குப் பேப்பரை விட்டால் வேறு கதி இல்லை.

அதனால்தான் பேப்பரைப் பார்த்தால் ஆட்சியாளர்களுக்குக் கோபம் வந்தது. 1987ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டலடித்து ஒரு ஜோக். சட்டசபை ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் வெளியே விட்டார்கள். பிற்பாடு 1994ல் ஹைகோர்ட், அந்தக் கைது தப்பு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. தீர்ப்பு பெரிது.

1993 ஏப்ரல் 14. கலாநிதி மாறனின் சன் டிவி. ஆட்டம் மாறியது. 1999ல் ஜெயா டிவி. பிறகு பாமகவுக்கு மக்கள் டிவி, தேமுதிகவுக்கு கேப்டன் டிவி. கட்சி என்றால் கொடி, சின்னம், சேனல் என்றாகிவிட்டது. 2006ல் திமுக ஜெயித்தால் கலர் டிவியே இலவசம் என்றார்கள். கொடுக்கவும் செய்தார்கள். கேபிளுக்கு மட்டும் மாசாமாசம் காசு.

பத்திரிகைக்காரனை ஜெயிலில் போட்ட காலம் போய், கட்சிக்காரனே முதலாளி ஆன காலம். சண்டை இப்போது இரண்டு கட்சிக்கு நடுவில் மட்டும்தானா? 2007 மே 9, மதுரை.

அன்று சன் குழுமத்தின் தினகரனில் ஒரு கருத்துக்கணிப்பு. கருணாநிதிக்கு அடுத்த அரசியல் வாரிசு யார்? ஸ்டாலினுக்கு 70 சதவீதம். அழகிரிக்கு 2. அழகிரி ஆதரவாளர்கள் தினகரன் மதுரை அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். பெட்ரோல் குண்டு. தீ. அந்தக் கணிப்பில் எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்று ஊழியர்கள் செத்துப்போனார்கள்.

நாலு நாளில் தயாநிதி மாறனின் மத்திய அமைச்சர் பதவி போனது. நாலு மாதத்தில், செப்டம்பர் 15 அன்று, கலைஞர் டிவி வந்தது. ஒரே குடும்பத்துக்குள் ரெண்டு பேரேடு. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமாகிவிட்டது. 2009ல் கீழ்க்கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுதலை செய்தது. ஒன்பது பேருக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளை ஆயுள் தண்டனை கொடுக்க 2019 மார்ச் ஆனது. பன்னிரண்டு வருஷம்.

வணிகவியல் படித்தவன் புத்தி, கணக்குப் பார்க்கிறேன். ஒரு தரப்புக்குப் புது சேனல் கிடைத்தது. இன்னொரு தரப்புக்குப் பழைய உறவு திரும்பக் கிடைத்தது. அந்த மூன்று வீடுகளுக்கு என்ன வரவு? எந்தப் பேரேட்டிலும் அவர்களுக்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

2024 தேர்தல் சமயத்தில் மறுபடி போளூர் போனேன். பெரியவர் இப்போது இல்லை. கடையில் டிவியும் இல்லை. பெஞ்சில் இரண்டு பையன்கள், ஆளுக்கொரு போன். சிக்னல் வந்தும் போயும் விளையாடுகிறது. ஒரே ஊர், ஒரே தொகுதி, ஒரே ஓட்டு. ஆனால் இவன் போனில் வருகிற வீடியோ எதுவும் அவன் போனுக்கு வருவதில்லை. அவரவருக்குப் பிடித்ததையே போன் அள்ளி அள்ளிக் கொடுக்கிறது. சன்னும் ஜெயாவும் எவ்வளவு சாய்ந்து பேசினாலும் ரெண்டும் ஒரே டிவியில் தெரிந்தது. ஒரு ரிமோட்டில் கணக்கு நேராகிவிடும். இப்போது ஆளுக்கொரு ஒற்றைப் பதிவு நோட்டு. எதை எதோடு ஒத்துப் பார்ப்பது?

"அஞ்சு நிமிஷம் போனை மாத்திக்கங்க தம்பி" என்றேன்.

முறைத்தார்கள். பிறகு ஏதோ விளையாட்டு என்று நினைத்து மாற்றிக்கொண்டார்கள். இரண்டு டீ ஆறிப்போகிற வரை சத்தமே இல்லை.

"டேய், உனக்கு இதெல்லாமாடா வருது?" என்றான் ஒருத்தன்.

பெரியவர் இருந்திருந்தால், ரெண்டு பேருக்கும் இன்னொரு டீ சொல்லியிருப்பார்.